கரடி சொன்ன தாமதம்

நாற்பது மீட்டர் உயரத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தபோது எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. விழுந்தது கடைசி மூன்று படியில். அன்று மழையில் ஏணி நனைந்திருந்தது. ஷிப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். தரை வந்துவிட்டது என்று கால் நினைத்தது, வரவில்லை. வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே ஒரு தகடும் ஆறு ஸ்குரூவும் வைத்துத் தைத்தார்கள். ஐந்து மாதம் வீட்டில் கிடந்தேன்.

கன்டெய்னர் யார்டில் என் பெயர் உச்சி. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்றாம் நம்பர் கிரேன் என்னுடையது. என்னுடையது என்றால் கம்பெனியுடையதுதான், ஆனால் அதன் குணம் எனக்கு மட்டும்தான் அத்துப்படி. லீவரைத் தள்ளினால் உடனே நகராது. அரை மூச்சு யோசித்துவிட்டுத்தான் நகரும். அந்த அரை மூச்சை மனதில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே தள்ள வேண்டும். ஒரு நாள் அந்த அரை மூச்சு முழு மூச்சாக நீண்டது. நான் உடனே இறங்கி வந்து மெயின் சுவிட்சில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டேன். யார்டில் அதுதான் சட்டம். இயந்திரத்தில் பழுது என்று சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் சிவப்பு அட்டை கட்டலாம். கட்டியவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. அன்றைக்கு ஒரு கப்பல் நான்கு மணி நேரம் காத்திருந்தது. பிரேக்கைப் பிரித்துப் பார்த்தால் பாதி தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் அதிகம் வாய் கொடுப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் விடுப்பில் இருந்தவர்கள் திரும்பி வந்தால் ஒரு டெஸ்ட் கொடுக்க வேண்டும். மீட்டிங் ரூமில் ஒரு நாற்காலி, கையில் ஒரு பட்டன், எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி. சிவப்பு வட்டம் பச்சையாக மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும். இருபது தடவை. சராசரி 0.35 விநாடிக்குள் இருந்தால் மேலே ஏறலாம். எனக்கு 0.47 வந்தது.

பாதுகாப்பு அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். இருபத்தெட்டு வயதிருக்கும் அவருக்கு. அவர் ஹெல்மெட் கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

"மூணு வாரம் கழிச்சு இன்னொரு சான்ஸ் இருக்கு மேடம். அதுலயும் வரலன்னா கேட் ஆபீஸ்ல ஒரு சீட் போட்டுடலாம். லாரி நம்பர் எழுதற வேலைதான். பாதுகாப்பா இருக்கலாம்."

கேட் ஆபீஸில் ஏற்கெனவே மொட்டை உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வருடம் பெரிய ஃபோர்க்லிப்ட் ஓட்டியவன். குடலிறக்க ஆபரேஷனுக்காக நான்கு மாதம் விடுப்பில் போய்விட்டு வந்து, அதே டெஸ்டில் இரண்டு தடவையும் தோற்றான். 0.44. இப்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறான்.

"வா உச்சி, பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றான். கிண்டல் போலத்தான் ஆரம்பித்தான், பாதியில் அது கரைந்துவிட்டது. "என்ன பண்றது. நமக்கு வயசாயிடுச்சுன்னு மெஷினே சொல்லுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு நாற்பத்து நான்கு. வயதாகிவிட்டது என்று என் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பச்சை வட்டத்துக்கு என்ன தகுதி இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் அக்கா போன் செய்தாள். அவளுக்கு எப்படித்தான் செய்தி போகுமோ தெரியாது.

"நல்லதுன்னு நினைச்சுக்கோடி. இத்தனை வருஷம் வானத்துல தொங்கினது போதாதா? கீழ உக்காரு, வேளாவேளைக்குச் சாப்பிடு."

"கீழ உக்காந்தா எல்லாரையும் அண்ணாந்து பாக்கணும்க்கா."

"நாங்கல்லாம் அப்படித்தான்டி இருக்கோம்."

அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அது பழகிவிட்டது, எனக்குப் பழகிக்கொள்ள விருப்பமில்லை. நான் நல்லவள், பெரியவள் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்தால் இருபது டன் பெட்டி என் இரண்டு விரலுக்கு அடங்கி நடக்கும். அது எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் செயற்கைப் பல் செய்கிறவர். முன்னறைதான் அவர் பட்டறை. அளவு எடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து, வார்த்து, கடைசியில் ஒரு மணி நேரம் மெருகேற்றுவார். பல்லைப் போட்டுக்கொண்டு போகிறவர் சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் சிரிப்பு வர வேண்டும் என்பது அவர் கொள்கை. பல்லை வரைவதற்காகவே நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறார்.

டெஸ்டில் தோற்றதும் விரலுக்குப் பயிற்சி என்று பிசியோ ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். காலையில் நூறு, மாலையில் நூறு அமுக்க வேண்டும். நான்காம் நாள் பந்தை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேன். வீட்டுக்காரர் போய் எடுத்துக்கொண்டு வந்து, கழுவித் துடைத்து, மேஜையில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கன்சோலை வெளியே இழுத்தார்.

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் அதில் ஒரு மேள ஆட்டம் ஆடுவோம். பாட்டு ஓடும். பந்துகள் உருண்டு வரும். பந்து வெள்ளைக் கோட்டைத் தொடும்போது சரியாகப் பட்டனை அடிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு கரடி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும். சரியாக அடித்தால் கைதட்டும். பிந்தினால் தலையை ஆட்டிக்கொண்டே 'தாமதம்' என்று பலகையைத் தூக்கிக் காட்டும். ஒன்பதாவது பாட்டில் கரடியை விடாமல் கைதட்ட வைத்தவள் நான். அவருக்கு நான்காவது பாட்டைக்கூடத் தாண்ட முடிந்ததில்லை.

கன்சோலை மாட்டினோம். டிக் டிக் என்று இரண்டு சத்தம், அத்தோடு சரி.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்றார். "கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கலாமா? எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. கன்சோல் மாதிரியே நடிக்கிற புரோகிராம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். ஹால் டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். டிவியின் ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி கேட்கும் என்று கம்ப்யூட்டரின் பழைய ஸ்பீக்கரையே இரண்டு பக்கமும் வைத்தார். டிஸ்கைப் பிரதி எடுத்து ஓடவிட்டால் பாட்டு வருகிறது, படம் வரவில்லை. முழுக் கறுப்பு.

"டிரைவர் பழசாயிடுச்சு, மாத்தணும்" என்றார் அவர், திரையைப் படித்துக்கொண்டே.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கிராபிக்ஸ் கார்டோட டிரைவரைச் சொல்றேன், அதை ஓட்டற புரோகிராமை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அதைப் புதிதாக்கியதும் படம் வந்தது. ஆனால் கரடிக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறச் சதுரங்கள். எழுத்தெல்லாம் கறையான் அரித்த மாதிரி இருந்தது. பாட்டும் ஓட்டப்பந்தயம் போல வேகமாக ஓடியது. அவர் ஒரே மூச்சில் ஐந்து அமைப்புகளை மாற்றினார். கரடிக்கு முகம் வந்தது, உடம்பு போய்விட்டது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. மாத்தினதை எழுதுங்க. அப்புறம் அடுத்ததை மாத்துங்க" என்றேன். "அஞ்சு போல்ட்டையும் சேர்த்துக் கழட்டிட்டு எது லூஸ்னு கேட்டா யாரு சொல்லுவா?"

நோட்டுப் புத்தகத்தை எடுத்து நானே உட்கார்ந்தேன். படம் வரைகிற முறையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஊதாச் சதுரம் போகிறது. எங்கள் டிஸ்க் விநாடிக்கு ஐம்பது படம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, புரோகிராமோ அறுபது ஓட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் பாட்டு நிதானத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கரடி முழு உடம்போடு உட்கார்ந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பல்லுக்கு மெருகேற்றுகிற கை சும்மா இருக்குமா? அடுத்த இரண்டு நாள் எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து, படத்தை நான்கு மடங்கு கூர்மையாக்கினார். ஓரங்களில் இருந்த ரம்பப் பற்களை வழித்தார். அதனால் பந்துகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் விழுந்தன, அதையும் ஒழித்தார். படம் கிழியாமல் ஓட ஒன்று, வழவழவென்று நகர ஒன்று, டிவியிலேயே நிறத்தைத் தூக்கிக் காட்ட ஒன்று என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டார். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கரடியின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பதாவது பாட்டை வைத்தேன். முதல் பந்து வந்தது. கோட்டைத் தொட்டது. அடித்தேன்.

தாமதம்.

அடுத்தது. தாமதம். அடுத்தது. தாமதம். பாட்டு முடியும்வரை கரடி பலகையைக் கீழே வைக்கவே இல்லை.

முதல் பாட்டுக்குப் போனேன், குழந்தைகள் ஆடுகிற பாட்டு. அதிலும் தாமதம். வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீட்டிங் ரூம் சொன்னதையே வீட்டுக் கரடியும் சொல்கிறது. இரண்டு பேர் சொன்னால் என்ன செய்வது? மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டே அழுதேன். கை போய்விட்டது என்று அன்றைக்கு நானும் நம்பினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நம்பினேன்.

மறுநாள் அவர் செய்து முடித்த ஒரு தாடைப் பல்லை எடுத்துக்கொண்டு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். கரடியைத் திட்டவாவது செய்யலாம் என்று மறுபடி போட்டேன். தாமதம், தாமதம். திட்டிக்கொண்டே ஆடியபோதுதான் ஒன்று உறைத்தது. நான் எல்லாப் பந்திலும் ஒரே அளவு பிந்துகிறேன். மெதுவான பாட்டிலும் அதே அளவு, வேகமான பாட்டிலும் அதே அளவு. நோவுள்ள கை அப்படியா பிந்தும்? ஒரு தடவை கொஞ்சம், ஒரு தடவை நிறைய, களைத்தால் இன்னும் நிறைய, அப்படித்தான் பிந்தும். மாறாமல் ஒரே அளவு பிந்துவதற்கு மனுஷக் கையால் முடியாது. எனக்குத் தெரிந்து அப்படிப் பிந்துகிறவன் ஒருவன்தான், மூன்றாம் நம்பர் கிரேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பதாவது பாட்டு எனக்கு மனப்பாடம். காதை மட்டும் வைத்துக்கொண்டு அடித்தேன். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் கரடி கைதட்டிக்கொண்டிருக்கிறது. முழுதாக இல்லை, நாலில் மூன்று பங்கு. எனக்குப் போதும். திறந்த கண்ணோடு அடித்தால் தாமதம், மூடிய கண்ணோடு அடித்தால் சரி. அப்படியென்றால் பிந்துவது கை இல்லை, படம்.

வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இழுத்துக்கொண்டு வந்து சொன்னேன். அவர் சந்தேகப்படவில்லை. அளக்கலாம் என்றார். அளவு என்று வந்துவிட்டால் அவர் தனி ஆள். போனில் ஒரு வசதி உண்டு, விநாடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும். என் விரலும் டிவியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனை நிறுத்தினார். நான் பட்டனை அழுத்தினேன். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினோம். விரல் பட்டனை அமுக்கியதிலிருந்து திரையில் மேளம் அசைகிறவரை ஐம்பது படங்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

"இவ்வளவு நேரம் படம் எங்க போயிருந்துச்சு?" என்றேன்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "மெருகேத்திக்கிட்டு இருந்திருக்கு."

அதுதான் நடந்தது. வழவழப்பாக்க, கிழியாமல் இருக்க, நிறம் ஏற்ற என்று அவர் போட்ட ஒவ்வொன்றும் படத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகுதான் விட்டது. எமுலேட்டர் இரண்டு மூன்று படங்களை வரிசையில் நிற்க வைத்தது. டிவியோ வந்த படத்தை உட்கார வைத்துத் தலை சீவி, பவுடர் போட்டு அனுப்பியது. நோட்டை எடுத்தோம். ஒன்றை நிறுத்துவது, அளப்பது, எழுதுவது. ஐம்பது நாற்பத்தொன்று ஆனது, பிறகு முப்பத்தைந்து. டிவியில் 'விளையாட்டு' என்று ஒரு அமைப்பு எங்கோ அடியில் கிடந்தது. அதைப் போட்டதும் பதினைந்து.

படம் கண்றாவியாக இருந்தது. கரடி முழுக்க ரம்பப் பல். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழகெல்லாம் போச்சே."

"எனக்கு அழகு வேணாங்க. நேரம் வேணும்" என்றேன். அவர் முகம் வாடியது. கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எனக்காகத்தானே பண்ணீங்க. தெரியும்."

அன்றைக்கு ஒன்பதாவது பாட்டில் கரடி பத்துக்கு எட்டு முறை கைதட்டியது. எழுந்து நேராக மொட்டைக்குப் போன் போட்டேன்.

"மீட்டிங் ரூம்ல அந்தப் பெரிய டிவியை எப்ப மாட்டினாங்க?"

"நான் லீவு முடிஞ்சு வந்த வாரம்தான். ஸ்டிக்கர்கூட உரிக்காம இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி டெஸ்ட் எதுல கொடுத்தாங்க?"

"பாதுகாப்பு ஆபீஸ்ல ஒரு சின்ன மானிட்டர் கிடக்கும், அதுல. எல்லாரும் அதுலதான் பாஸ் பண்ணாங்க. ஏன் கேக்கற?"

"வர்ற வியாழக்கிழமை எனக்கு ரெண்டாவது டெஸ்ட். பத்து மணிக்கு மீட்டிங் ரூம் வாசல்ல வந்து நில்லு."

"எனக்கு ரெண்டு சான்ஸும் முடிஞ்சு போச்சு உச்சி. ஃபைலை மூடிட்டாங்க."

"வந்து நில்லுன்னேன்."

வியாழக்கிழமை பாதுகாப்பு அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க மேடம் என்றார். நான் உட்காரவில்லை.

"இந்த மெஷின்ல பழுது இருக்குன்னு சந்தேகப்படறேன். பாத்துட்டுத்தான் உக்காருவேன்."

அவர் சிரித்தார். "இது என்ன கிரேனா மேடம்?"

சுவரைக் காட்டினேன். அவர் வந்த புதிதில் யார்டு முழுக்க ஒட்டிய நோட்டீஸ் அங்கேயும் இருந்தது. எந்த இயந்திரமானாலும், யாராக இருந்தாலும், சந்தேகம் வந்தால் நிறுத்து. கீழே சிவப்பு மையில் அவர் கையெழுத்து. தான் எழுதியதை அவர் அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தார் என்று நினைக்கிறேன்.

"சாப்ட்வேருக்கு சர்ட்டிபிகேட் இருக்கு" என்றார்.

"சாப்ட்வேர் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. டிவிக்கு இருக்கா?"

அவர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்தேன். "பட்டனை நீங்களே அழுத்துங்க. நீங்களே எண்ணுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

அழுத்தினால் வட்டம் சாம்பல் நிறமாக மாறும். அவர் விரலையும் வட்டத்தையும் சேர்த்து வீடியோ எடுத்தேன். அவர் போனை வாங்கி ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை உதடு அசைய எண்ணினார். முப்பத்தாறு. தன் போனில் வகுத்துப் பார்த்தார். 0.15.

கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். மொட்டை வெளியேதான் நின்றிருந்தான், கதவு பாதி திறந்திருந்தது.

"மேடம், ஒண்ணு பண்ணலாம். உங்க போன தடவை ரிசல்ட்ல இந்த 0.15ஐக் கழிச்சுப் போட்டுடறேன். 0.32 வரும். பாஸ். இன்னிக்கு டெஸ்ட்டே வேண்டாம், நாளைக்கே நீங்க மேல ஏறலாம். இதைப் பெருசு பண்ண வேண்டாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை வந்தது. ஏனென்றால் பயமும் இருந்தது. டிவியைக் குற்றவாளி என்று நிரூபித்தாகிவிட்டது, இனி நல்ல திரையில் உட்கார்ந்து தோற்றால் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்போது பிந்தியது கைதான் என்று ஆகிவிடும். 0.32 என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டால் அந்தக் கேள்வியே வராது.

"மொட்டைக்கு?" என்றேன்.

"அவர் ஃபைல் முடிஞ்சு போச்சு மேடம். அதைத் திறந்தா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்."

நான் பையைத் திறந்து சிவப்பு அட்டையை எடுத்தேன். டிவியின் பிளக்கைப் பிடுங்கி, வயரில் அட்டையைக் கட்டி, முடிச்சை இறுக்கினேன். மணிக்கட்டு வலித்தது, இருந்தாலும் அந்தக் கையாலேயே கட்டினேன். பழுது என்ற இடத்தில் 'படம் தாமதமாக வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் மீட்டிங் இருக்கு. இந்த டிவியிலதான் எல்லாம் காட்டணும்."

"தாராளமா நடத்துங்க. கட்டினவங்கதான் அவிழ்க்கணும், உங்க சட்டம்தான். பழைய மானிட்டரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. மொதல்ல மொட்டை. அப்புறம் நான். ரெண்டு பேருக்கும் டெஸ்ட் முடிஞ்சா உடனே அவிழ்க்கறேன்."

"அவர் பாஸ் ஆகலன்னா?"

"ஆகலன்னா ஆகல. நானும்தான்."

அவர் ஜன்னல் வரை போனார், வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி போனார். பத்தே முக்காலுக்கு ஸ்டோரிலிருந்து மானிட்டர் வந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை, அடியில் ஒரு கால் உடைந்து, புத்தகம் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அளந்தார், ஏழு படம். அதையும் நான் கேட்காமலே தாளில் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

மொட்டை உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இருபதும் முடிந்து 0.29 என்று வந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"மூணு மாசமா நம்பர் எழுதிக்கிட்டு இருந்தேன் சார்" என்றான் அதிகாரியிடம். கோபமாகச் சொல்லவில்லை. "வீட்ல என் பையன் வண்டியைக்கூட ஓட்ட வேண்டாம்ப்பான்னு சாவியை வாங்கி வெச்சுக்கிட்டான்."

அதிகாரி தரையைப் பார்த்தார்.

பிறகு நான். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். சிவப்பு. பச்சை. அழுத்தினேன். சிவப்பு நீண்ட நேரம் நின்றது, பச்சை. அழுத்தினேன். பன்னிரண்டாவது முறைக்கு மேல் மணிக்கட்டுக்குள் ஸ்குரூக்கள் முணுமுணுக்க ஆரம்பித்தன. நானும் பதிலுக்கு முணுமுணுத்தேன், என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. இருபது முடிந்தது. திரையைப் பார்க்காமல் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன்.

"0.34" என்றார்.

மயிரிழைதான். ஆனால் இந்தப் பக்கம்.

"நான் கழிச்சுப் போட்டிருந்தா 0.32 இருந்திருக்கும் மேடம்."

"அது நீங்க போடற கணக்கு. இது என் கை."

பதினொன்றே காலுக்கு அட்டையை அவிழ்த்தேன். அவர் அதைக் கேட்டு வாங்கி, எங்கள் இருவர் ஃபைலோடும் சேர்த்து வைத்தார். மூடிய ஃபைல் அப்படித்தான் திறந்தது. மறுவாரம் டெஸ்ட் பாதுகாப்பு ஆபீசுக்கே போய்விட்டது. கால் உடைந்த மானிட்டருக்கு ஒரு புதுக் கால் போட்டார்கள்.

வீட்டில் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"திரை ரொம்ப அசிங்கமா இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அக்காவுக்கு நானே போன் செய்தேன். சரி, கடைசி மூணு படியில பாத்து இறங்குடி, என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏணியில் ஏறினேன். நூற்று முப்பத்தெட்டுப் படி. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன், முன்பெல்லாம் நின்றதில்லை. கேபின் கண்ணாடியில் கிட்டத்தட்ட ஆறு மாதத் தூசி. துடைத்தேன். கீழே மொட்டை ஃபோர்க்லிப்டிலிருந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தான்.

லீவரைத் தள்ளினேன். மூன்றாம் நம்பர் வழக்கம்போல அரை மூச்சு யோசித்தது. என் கையும் இப்போது ஒரு துளி யோசிக்கிறது, அது எனக்குத் தெரியும், யாரும் பலகை தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டி, அந்த அளவு முன்கூட்டியே தள்ளினேன். பெட்டி ஆடாமல் போய், லாரியின் நான்கு பூட்டுகளிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. அடுத்த லாரியை வரச் சொன்னேன்.